சான்றிதழ் வாங்கிய சாணி

ராஜபாளையத்துக்கு நாய்க்குட்டி வாங்கப் போகிறவர்கள் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆண்டாளைக் கும்பிடவும் பால்கோவா வாங்கவும் போகிறவர்கள் உண்டு. இந்த இரண்டு ஊருக்கும் சாணியைத் தேடிப் போன ஆள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வேதாரண்யம் பக்கம் உப்பளங்களை ஒட்டி எங்களுக்கு இரண்டு இறால் குட்டைகள் இருக்கின்றன. நானும் என் கணவர் முருகையனும்தான் பார்த்துக்கொள்கிறோம். இறாலுக்கும் சாணிக்கும் என்ன சம்பந்தம் என்று வழியில் பேச்சுக் கொடுத்த எல்லோரும் கேட்டார்கள், அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். குட்டையைக் காயப்போட்டு, உழுது, உரம் போட்டு, கடல் தண்ணீரை ஏற்றினால் கொஞ்ச நாளில் தண்ணீர் நிறம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத பாசியும் பூச்சியும் பெருகுவதுதான் அந்த நிறம். பொரிப்பகத்திலிருந்து கொண்டுவந்து விடுகிற இறால் குஞ்சுக்கு அதுதான் முதல் சோறு.

அந்தச் சோற்றுக்கு இத்தனை காலமும் யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும்தான் போட்டோம். டிரம்மில் கரைத்து வீசினால் தண்ணீர் சட்டென்று பச்சையாகும். வெயில் ஏறினால் அதே வேகத்தில் பாசி செத்துத் தெளிந்தும் போகும், மறுபடி வீச வேண்டும். சாணி நிதானமாக வேலை செய்யும், பிடித்த நிறம் நிற்கும், ஆனால் அளவு கூடினால் குட்டை அடியில் சேறு கறுத்து நாறும். இரண்டிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. எங்கள் ஊர் டீக்கடையில் இதற்கென்று இரண்டு கட்சிகளே உண்டு. முருகையன் யூரியா கட்சி.

எங்கள் இறாலை வாங்குகிற கம்பெனி அந்தச் சண்டையை ஒரே நாளில் தீர்த்துவைத்தது. வெளிநாட்டுக்காரன் இயற்கை இறால்தான் கேட்கிறானாம். இனிமேல் யூரியா மூட்டை பண்ணைக்குள் வரக்கூடாது, கம்பெனி ஒப்புக்கொண்ட இடத்திலிருந்து, சான்றிதழ் உள்ள சாணத்தூள்தான் வரவேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் மாடு இல்லையா? தெருவுக்குப் பத்து நிற்கிறது. ஆனால் எங்கள் மாட்டுச் சாணிக்குச் சான்றிதழ் கிடையாது. அதனால் ராஜபாளையத்து உரக்கடை ஒன்றிலிருந்து லாரியில் சாணி வந்தது. மூட்டையில் பச்சை இலையும் சிரிக்கிற மாடும் அச்சடித்திருந்தார்கள். மாடு எதற்குச் சிரிக்கிறது என்று முருகையன் கேட்டார். எனக்கு அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

மாசியில் குஞ்சு விட்டோம். மறுநாளே கரையோரம் குஞ்சுகள் பக்கவாட்டில் விழுந்து காலை உதறிக்கொண்டு கிடந்தன. அந்த வாரம் முடிவதற்குள் இரண்டு குட்டையும் காலி. கம்பெனி அதிகாரி வந்து தண்ணீரை எடுத்துப் போய் சோதித்தார். பூச்சிமருந்து என்றார். குட்டைக் கரையில் வளை தோண்டுகிற நண்டைக் கொல்லச் சிலபேர் ஆள் பார்க்காத நேரத்தில் வளைக்குள் மருந்து ஊற்றுவது உண்டு. முருகையனும் அதைத்தான் செய்திருக்கிறார் என்று அதிகாரி முடிவுகட்டி, எங்கள் பண்ணையைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டார். சாணியைச் சோதித்தீர்களா என்று கேட்டேன். சான்றிதழ் இருக்கிற பொருளை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

முருகையன் ஒரே ஒரு தடவை, "நான் ஊத்தல" என்றார். அதற்குப் பிறகு அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. பக்கத்துப் பண்ணைகளிலும் இதே கடைச் சாணிதான், அங்கே இறால் ஜோராக வளர்ந்தது. எங்களுக்கு வந்தது கடைசி லாரி என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. பண்ணைக்காரர் சங்கக் கூட்டத்துக்கு இந்தத் தடவை வரவேண்டாம் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினார்கள். வாய்க்காலில் மருந்து கலந்தால் எல்லார் பிழைப்பும் போகும், அந்த மாதிரி ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள முடியாது என்று ஒருவர் எங்கள் வாசலில் நின்றே பேசினார். டீக்கடைக்குப் போவதை முருகையன் நிறுத்திவிட்டார். காலையில் எழுந்து காலிக் குட்டையின் கரையில் போய் உட்கார்ந்திருப்பார். வைகாசி வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாணியா, மனுஷனா, இரண்டில் ஒன்று ஊருக்குத் தெரிந்தாக வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் ராஜபாளையத்தில் இறங்கியதும் கண்ணில் பட்டது மலைதான். எந்தத் தெருவில் திரும்பினாலும் முனையில் மலை வந்து நிற்கிறது. எங்கள் ஊரில் உயரமானது என்றால் தார்ப்பாய் போட்டு மூடிய உப்பு அம்பாரம்தான். ஷிப்டு முடிந்து மில்லிலிருந்து வருகிற பெண்கள் தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருக்க, சிரித்துக்கொண்டே மாம்பழ வண்டியை வளைத்துக்கொண்டு பேரம் பேசினார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்குக் காரணமே இல்லாமல் எரிச்சல் வந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் தனியாக வந்த பொம்பளையைப் பார்த்ததும் மேனேஜருக்கு ஆயிரம் சந்தேகம்.

"என்ன விசயமா வந்திருக்கீக?"

"சாணி விஷயமா."

என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு, வியாபாரம் என்று எழுதிக்கொண்டு சாவியைக் கொடுத்தார். குளியலறைக் குழாயைத் திறந்து ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். நல்ல தண்ணீர். எங்கள் ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு நாங்கள் குடத்தோடு நிற்கிறோம், இங்கே கால் கழுவுகிற தண்ணீர் இனிக்கிறது.

மத்தியானம் ஒரு புரோட்டாக் கடைக்குப் போனேன். எண்ணெயில் முக்கி எடுத்த புரோட்டா, மேலே ஊற்ற சால்னா. பரிமாறுகிறவர் குனிந்து, "எறா தொக்கு இருக்குக்கா, பிரஷ்ஷு" என்றார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். "தூத்துக்குடிக் கடல்ல பிடிச்சது" என்று அடித்துச் சொன்னார். ஒரு கிண்ணம் வாங்கிப் பார்த்தேன். கடலாவது ஒன்றாவது. எங்களுடையதைப் போல ஏதோ ஒரு குட்டையில், சரியாக வளர்வதற்குள் அவசரமாக அள்ளிய இறால். நோய் வந்தாலோ தண்ணீர் கெட்டாலோதான் இந்த அளவில் அள்ளுவார்கள். யாரோ ஒருவன் வயிறெரிந்து விற்றது என் முன்னால் கிடந்தது. அதைத் தொடாமல் புரோட்டாவை மட்டும் தின்றுவிட்டு எழுந்தேன்.

உரக்கடை வெளியிலிருந்து பார்த்தால் கோயில் மாதிரி இருந்தது. வாசலில் துளசி, உள்ளே ஊதுபத்தி, சுவர் பூராவும் சிரிக்கிற மாடு. கடைக்காரர் நெற்றியில் நாமம் போட்டுக்கொண்டு என்னை ஏதோ பண்ணைக்கு ஆர்டர் கொடுக்க வந்தவள் என்று நினைத்து ஆரம்பித்தார்.

"கெமிக்கல் மண்ணைக் கொல்லுதுங்கம்மா. யூரியா போட்டுப் போட்டு நம்ம மண்ணு செத்தே போச்சு. நாங்க உயிர் குடுக்கோம்."

"எங்க குட்டையில உயிரை எடுத்துருக்கீங்க" என்று சொல்லி, ஊரைச் சொன்னேன்.

அவர் முகத்திலிருந்த நாமம்கூடக் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே இருந்த தன் தம்பியிடம் திரும்பித் தெலுங்கில் பேசினார். தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இறால் செத்துப்போன அந்த அம்மா வந்திருக்கிறாள். காபி வாங்கிக் கொடுத்து, நல்லபடியாகப் பேசி அனுப்பிவிடு. சரக்கு எந்த ஊரிலிருந்து எடுத்தோம் என்று மட்டும் வாயைத் திறக்காதே."

எங்களுக்கு இறால் குஞ்சு நெல்லூர்ப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. வருஷக்கணக்காக அந்த ஆட்களோடு போனில் சண்டைபோட்டே நான் தெலுங்கு கற்றுக்கொண்டேன். அதிலும் சண்டைத் தெலுங்கு நன்றாக வரும். காபி வேண்டாம், ஊர்ப் பெயர் போதும் என்று அவர் பாஷையிலேயே சொன்னேன். தம்பி சிரித்துவிட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் வழிக்கு வந்தார். கடைசி லாரி கூமாப்பட்டியில் ஏற்றியது என்றும், மிலிட்டரியில் இருந்து வந்த பால்பாண்டி என்பவரிடம் வாங்கியது என்றும், அந்தத் தெருச் சாணியெல்லாம் அவர் தொழுவத்துக் குழியில்தான் சேரும் என்றும் சொன்னார். "அந்த மனுசன் வயலுக்கு ஒரு பொட்டு யூரியா போட மாட்டாருங்க. நீங்களே போய்ப் பாருங்க. அவரைச் சந்தேகப்பட்டா சாமி கண்ணைக் குத்தும்" என்றார். சாமி இவர் கண்ணை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் நாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். ஆண்டாள் கோயில் கோபுரம் ஊருக்கு வெகு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது. கீழே பால்கோவாக் கடை, அதற்கடுத்து பால்கோவாக் கடை, அதற்கும் அடுத்து அதுவே. இத்தனை கடைக்கும் பால் வேண்டும், பாலுக்கு மாடு வேண்டும், மாடு என்றால் சாணி போடும். இந்தக் கணக்கைத்தான் யாரோ உட்கார்ந்து யோசித்து எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று புரிந்தது. ஒரு கடையில் ருசி பார்க்கச் சூடாக ஒரு துண்டு கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இன்னும் கோபம்.

கூமாப்பட்டி பஸ்ஸில் கண்டக்டர் என் பையைப் பார்த்துவிட்டு, "நீங்களும் போன்ல வீடியோ பாத்துட்டுக் குளிக்க வந்தீகளா? அணையில இப்பம் தண்ணி கம்மி. ஏமாந்துருவீக" என்றார். யாரோ போனில் படம் பிடித்துப் போட்டதிலிருந்து எங்கெங்கோ இருந்து ஆட்கள் அந்த ஊருக்குக் குளிக்க வருகிறார்களாம். நான் சாணி பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் பஸ்ஸில் இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது.

கிருஷ்ணன்கோவில் வந்ததும் டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். எங்களைத் தாண்டிக் காலேஜ் பஸ்கள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன. ஜன்னலோரம் தூங்குகிற பிள்ளைகள். எங்கள் பக்கத்திலிருந்தும் இங்கே படிக்க வருகிறார்கள், குட்டை நன்றாக ஓடினால் வருகிறார்கள். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை என்று டிரைவர் கண்டுபிடித்தபோது கண்டக்டர், "செத்த நேரம் பொறுங்க, அடுத்த வண்டி வந்துரும்" என்றார். செத்த நேரம் என்பது அந்த ஊரில் வெயில் உச்சிக்கு வருகிற வரைக்கும் போகும் போலிருக்கிறது. கடைசியில் ஒரு ஷேர் ஆட்டோவில், இரண்டு தீவன மூட்டைக்கும் ஓர் ஆட்டுக்கும் நடுவே இடம் கிடைத்தது. ஆடு வழி நெடுக என் முந்தானையைத் தின்றுகொண்டு வந்தது. ஆட்டுக்காரம்மா, "அது அப்பிடித்தான், புதுச் சேல கண்டா விடாது" என்று என்னிடமே பெருமைப்பட்டாள்.

கூமாப்பட்டி பச்சைப்பசேல் என்று இருந்தது. தென்னை, மா, வாய்க்கால், பின்னால் சுவர் எழுப்பினது போல மலை. உப்புக் காற்றில் வெந்த கண்ணுக்கு அது அழகாகத்தான் தெரிந்திருக்க வேண்டும். எனக்கோ, இத்தனை நல்ல இடத்திலிருந்தா எங்களுக்கு அந்த விஷம் வந்தது என்றுதான் தோன்றியது.

மிலிட்டரிக்காரர் வீடு எது என்று கேட்டதும் காட்டிவிட்டார்கள். பால்பாண்டி நெடுநெடுவென்ற ஆள், வெள்ளை மீசை, பனியனுக்குமேல் துண்டு. சண்டைக்கு என்று தயாராகப் போயிருந்தேன். என் இறால் செத்த கதையை வாசலில் நின்றே சொல்லிமுடித்தேன். அவர் கோபப்படவில்லை.

"மொதல்ல உள்ள வாங்க. சாப்பிடுங்க. பொறவு எல்லாத்தையும் காட்டுதேன். எங்கிட்ட மறைக்க ஒண்ணும் கெடையாது" என்றார்.

அவர் மனைவி முத்துலட்சுமி மொச்சை போட்ட கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். எங்கள் கரையிலிருந்து மலையடிவாரத்துக்கு ஏறி வந்த கருவாடாகக்கூட இருக்கலாம். சாப்பிடும்போதே மிலிட்டரிக்காரர் வயலுக்கு எத்தனை வருஷமாக யூரியா போடவில்லை, அக்கம்பக்கத்தில் எப்படிச் சிரித்தார்கள், இப்போது அவர்களே எப்படிச் சாணியைக் கொண்டுவந்து இவர் குழியில் கொட்டுகிறார்கள் என்று சொன்னார். பொய் சொல்கிற ஆள் இல்லை என்பது இரண்டு வாய் சோறு உள்ளே போவதற்குள் தெரிந்துவிட்டது. சாணி சுத்தம் என்றால் மிச்சம் இருப்பது முருகையன்தான்.

தொழுவம் பின்பக்கம் இருந்தது. தரை சிமெண்டு பூசிக் கழுவிவிட்ட மாதிரி. ஆறு மாடுகள், ஒவ்வொன்றும் எண்ணெய் தேய்த்தது போல மினுங்கியது. எங்கள் ஊர் மாட்டின் காதைப் புரட்டினால் உண்ணி கொத்தாக இருக்கும். பழக்கத்தில் ஒரு பசுவின் காதைப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை.

"ஒரு உண்ணி கூட இல்லையே?" என்றேன்.

முத்துலட்சுமிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "எப்பிடி இருக்கும்? பொங்கலுக்கு முந்தி மருந்து அடிச்சிருவோம்லா. மாட்டுப்பொங்க அன்னைக்கு மாடு பளபளன்னு நிக்க வேண்டாமா? அப்பம் தெருவே மாட்டத்தான் குளிப்பாட்டும். எல்லாரும் இங்கதான் பத்திட்டு வருவாக, எங்க தொழுவத்துலதான் தரை இருக்கு, குழாய் இருக்கு."

"கண்மாய்ல குளிப்பாட்ட மாட்டீங்களா?"

"முந்தி கம்மாயிலதான். இப்பம் மீன் ஏலம் எடுத்தவன் விட மாட்டேங்கான். மருந்து பட்டா மீனு சாவுதுன்னு அருவாளத் தூக்கிட்டு வாரான். ஒரு வருசம் நெசமாவே செத்து மெதந்துச்சு. அவனும் பாவம்லா? அதான் இங்க வச்சே கழுவிருதோம்."

"கழுவின தண்ணி எங்க போகும்?"

அவர் கையை நீட்டிக் காட்டினார். தொழுவத்தின் ஓரமாக ஒரு சின்ன வாய்க்கால். அது நேராகச் சாணிக் குழியில் போய் இறங்கியது.

"அந்தா, குழிக்குப் போயிரும். ஒரு சொட்டு வெளிய போகாது" என்றார், தன் வீட்டுச் சுத்தத்தைச் சொல்கிற பெருமையில்.

நான் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பொங்கல் முடிந்து அந்தச் சாணியைத்தான் தோண்டி, உலர்த்தி, பொடியாக்கி, சிரிக்கிற மாட்டுப் பையில் கட்டி எங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். எங்களுக்கு முன்னால் போன லாரியெல்லாம் மருந்து அடிப்பதற்கு முந்தின சாணி. எல்லாம் சரியாகப் பொருந்தியது. கண்மாய் மீனுக்காகச் சண்டைபோட ஒரு ஏலக்காரன் இருந்தான். எங்கள் இறாலுக்காக இங்கே யார் அரிவாளைத் தூக்குவார்?

"இதுதாங்க" என்றேன். "இந்தத் தண்ணிதான் என் குட்டையைக் கொன்னுது."

மிலிட்டரிக்காரர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "அது மாட்டு மருந்துல்லாம்மா? கெமிக்கல் கெடையாதே. டாக்டர் எழுதிக் குடுக்கதுதான். நான் அந்தச் சாணியத்தான் என் வயலுக்கும் போட்டேன், நெல்லுக்கு ஒண்ணும் ஆகலையே."

அவருக்குக் கெமிக்கல் என்றால் யூரியா. மருந்துக்கடையில் வாங்கினால் அது மருந்து, உரக்கடையில் வாங்கினால்தான் கெமிக்கல். இதைச் சொல்லிச் சிரிக்க எனக்குத் தெம்பில்லை. சான்றிதழ் கொடுக்க வந்தவர்களும் உரத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள், மாட்டு மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நெல்லு செடிங்க. இறாலு பூச்சி இனம். ஓட்டைப் பாருங்க, காலைப் பாருங்க, உண்ணிக்கு அது சொந்தக்காரன். உண்ணியைக் கொல்றது இறாலைக் கொல்லாம விடுமா? மீனே சாவுதுன்னு நீங்களே சொல்றீங்களே."

அவர் தொழுவத்துத் திண்டில் உட்கார்ந்துவிட்டார். மீசையைத் தடவினார். "அப்பம் நாந்தான் கொன்னுருக்கேன்" என்றார். சண்டைபோட வந்த எனக்கு அதற்குமேல் போட ஒன்றும் இல்லாமல் போயிற்று. அயோக்கியனாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டியிருப்பேன்.

முருகையன் மேல் விழுந்த பழியைச் சொன்னேன். கம்பெனி அதிகாரியிடம் இதை உங்கள் வாயால் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் உடனே தலையாட்டினார். முத்துலட்சுமிதான் குறுக்கே வந்தார்.

"இவிய சொல்லிட்டா நாளைக்கு நம்ம சாணிய எவன் வாங்குவான்? தெருவுல அம்புட்டுப் பேரும் நம்மளத்தான் வைவாக."

"சும்மா இரு ஏட்டி. ஒருத்தன் செய்யாத தப்புக்குத் தலைகுனிஞ்சு உக்காந்துருக்கான். நம்ம சாணிதான் பெருசா?"

அன்றைக்கு அதிகாரி போனை எடுக்கவில்லை. காலையில் பால் விஷயமாக ஸ்ரீவில்லிபுத்தூர் வருவதாகவும் அங்கே வைத்துப் பேசலாம் என்றும் மிலிட்டரிக்காரர் சொன்னார். திரும்பும்போது பிளவக்கல் அணையை வேண்டுமானால் பார்த்துவிட்டுப் போங்கள், எல்லோரும் அதைத்தான் பார்க்க வருகிறார்கள் என்றார். எனக்குத் தண்ணீரைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தேரடிப் பக்கத்து டீக்கடையில் காத்திருந்தேன். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ராத்திரி மனைவி பேசியிருப்பார், கடைக்காரர் போன் போட்டிருப்பார், மனுஷன் மனசு மாறாமலா இருக்கும்? இரண்டு டீ குடித்தேன். பக்கத்தில் கோயிலுக்கு வந்த கூட்டம் ஒன்று பால்கோவா எந்தக் கடையில் வாங்குவது என்று தீவிரமாகச் சண்டைபோட்டுக்கொண்டிருந்தது. மனிதர்களுக்கு இப்படியும் கவலை இருக்கிறதே என்று பொறாமையாக இருந்தது.

அவர் வந்தார். தேய்த்த சட்டை, பாலிஷ் போட்ட ஷூ. ஏதோ மேலதிகாரி முன்னால் நிற்கப்போகிறவர் மாதிரி வந்திருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு அதிகாரியைக் கூப்பிட்டேன், இந்தத் தடவை எடுத்தார்.

"ஐயா, என் பேரு பால்பாண்டி. ஊரு கூமாப்பட்டி, பட்டாளத்துல இருந்தவன். இந்தம்மா குட்டைக்கு வந்தது எங்க தொழுவத்துச் சாணி. உண்ணி மருந்து அடிச்சு மாட்டக் கழுவுன தண்ணி அதுல எறங்கியிருக்கு. அவுக வீட்டுக்காரர் மேல ஒரு தப்பும் கெடையாது. எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்லுதேன்."

ஒரு சொல் பிசகவில்லை. ராத்திரி முழுவதும் மனப்பாடம் செய்திருப்பார் போல.

"ஐயா, உங்க சாணிக்கு இயற்கைன்னு சான்றிதழ் வாங்கிக் கொடுத்தது யாரு தெரியுமா?" என்றார் அதிகாரி.

"யாரோ ரெண்டு பேரு வந்து பாத்துட்டுப் போனாக."

"நாங்க அனுப்பின ஆளுங்கதான். அந்தச் சாணி போட்ட பண்ணையெல்லாம் இப்ப அறுவடை. பாதி இறால் கண்டெய்னர்ல ஏறியாச்சு. நீங்க சொல்றதை நான் எழுதினா அவ்வளவும் நின்னுடும். ஒரு பண்ணைக்காரர் தப்புப் பண்ணிட்டார்னா அது அந்தப் பண்ணையோட முடிஞ்சுடும். புரியுதுங்களா?"

"அந்தாளு தப்புப் பண்ணலையேங்கேன்!"

"நீங்க பேசினது என் காதுல விழலைன்னு வெச்சுக்கறேன். வணக்கம்."

போன் நின்றது. நான் மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. டீக்கடைக்காரர்கூட எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை, கையிலிருந்த கண்ணாடி டம்ளரை எங்காவது ஓங்கி அடிக்க வேண்டும் போலிருந்தது. யூரியா கட்சியும் தோற்றது, சாணிக் கட்சியும் தோற்றது, ஜெயித்தது மூட்டையில் சிரிக்கிற மாடு மட்டும்தான்.

மிலிட்டரிக்காரர் ஷூவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"பட்டாளத்துல தப்புப் பண்ணா சொல்லிருவோம்மா. தண்டனை குடுப்பாக, வாங்கிக்கிடுவோம், முடிஞ்சுரும். இங்க ஒத்துக்கிட்டாலும் வாங்கிக்க மாட்டேங்காகளே" என்றார். பிறகு, "இனிமே அந்தத் தண்ணியக் குழிக்கு விடமாட்டேன்" என்றார்.

"வேற எங்க விடுவீங்க?"

அவர் யோசித்தார். நானும் யோசித்தேன். கண்மாயில் விட்டால் மீன், வாய்க்காலில் விட்டால் குடிக்கிற ஆடுமாடு. என்னை பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, விடைபெறும்போது, "உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க" என்று கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிட்டேன்.

மதுரை பஸ் கிளம்ப நேரம் இருந்தது. ஊருக்குப் போய்ச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன், மனசு பொறுக்கவில்லை. முருகையனுக்குப் போன் போட்டேன். கம்பெனிக்காரன் காதில் விழாவிட்டால் போகிறது, சங்கம் நம்பாவிட்டால் போகிறது, அவர் காதிலாவது விழட்டும் என்று இருந்தது.

"என்னங்க, கண்டுபிடிச்சிட்டேன். நீங்க இல்ல. சாணிதான். சாணியிலதான் மருந்து இருந்திருக்கு. நீங்க இல்லங்க."

மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். தொழுவம், பொங்கல், மீன் ஏலக்காரன், மிலிட்டரிக்காரர் மன்னிப்புக் கேட்டது வரைக்கும். அவர் நடுவில் ஒன்றும் கேட்கவில்லை.

"நான் இல்லைங்கறது எனக்குத் தெரியாதா செல்வி?" என்றார் மெதுவாக. "உனக்குத் தெரியலன்னுதானே அவ்ளோ தூரம் போயிருக்க."

ஊர் வாயை அடைக்கத்தான் கிளம்பினேன் என்று நான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.